திலாவாவை மூழ்கடித்த நீர்மூழ்கி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதை வேலையில் மாண்ட மலாயாத் தமிழர்களைப் பற்றித் தாங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். நான் நாகப்பட்டினத்தைச் சேர்ந்தவன். என் தாத்தா இளம்வயதில் இங்கிருந்து ரஜூலா கப்பலில் டெக் டிக்கெட் எடுத்துப் பினாங்குக்குப் போனவர். ஜப்பானியர் காலத்தில் அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்திருக்கிறார். நேதாஜி பேசியதை நேரில் கேட்டவர். ஊர் திரும்பிய பிறகு ஆண்டுதோறும் ஜனவரி 23 அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் நேதாஜி படத்துக்கு மாலை போடுவார். அவர் காலமான பின்னும் அந்த வழக்கத்தை நாங்கள் விடவில்லை.

சென்ற வாரம் ‘திலாவா’ என்ற பயணிகள் கப்பலைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். அதில் பெரும்பகுதி, கப்பலோடு மூழ்கிய வெள்ளியை வெளியே எடுத்த கதைதான். கடைசியில் ஒரே ஒரு வரி வந்தது: அந்தக் கப்பலை மூழ்கடித்த ஜப்பானிய நீர்மூழ்கிதான் ஐந்து மாதம் கழித்து நேதாஜியை ஏற்றிக்கொண்டு ஆசியாவுக்கு வந்தது என்று. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இது உண்மையா? உண்மையென்றால் அது போர்க்குற்றம் ஆகாதா? முதல் உலகப் போரில் சென்னையைத் தாக்கிய எம்டன் நீர்மூழ்கியைப் பற்றிக்கூட இப்படிக் கொடுமையாக எதுவும் கேள்விப்பட்டதில்லை. நண்பர் ஒருவரோ, “பிரிட்டிஷ் கொடி பறந்த கப்பல், வெள்ளி ஏற்றிப் போன கப்பல், போரில் அது இலக்குதான், இதில் வருந்த என்ன இருக்கிறது?” என்கிறார். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ம. செ.
நாகப்பட்டினம்

*

அன்புள்ள ம. செ. அவர்களுக்கு,

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். திலாவாவை மூழ்கடித்ததும் நேதாஜியை ஏற்றி வந்ததும் ஐ-29 என்ற ஒரே நீர்மூழ்கி. இரண்டு சமயத்திலும் அதன் தலைவராக இருந்தவரும் ஒருவரே, இஸு ஜூயிச்சி என்ற கடற்படை அதிகாரி. காணொளி அதை ஒரு வரியில் கடந்துபோனது எனக்கு வியப்பளிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் எந்தப் பக்கம் நிற்பது என்று தடுமாறிப்போவார், வெள்ளியின் கதையில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் திலாவாவைப் பற்றி. உங்கள் தாத்தா ஏறிப் போன ரஜூலாவும் திலாவாவும் ஒரே கம்பெனிக் கப்பல்கள், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையவை. ரஜூலா சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனதைப் போல, திலாவா பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போய்வந்தது. 1924-இல் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் கட்டப்பட்ட, பத்தாயிரம் டன் கொண்ட கப்பல். 1942 நவம்பர் 20 அன்று பம்பாயை விட்டுப் புறப்பட்டபோது அதில் 732 பயணிகள், 222 கப்பல் ஊழியர்கள், பீரங்கியை இயக்குவதற்காக ஏற்றப்பட்ட 4 பேர், ஆக 958 பேர் இருந்தார்கள். மொம்பாசா, மபூட்டோ, டர்பன் ஆகிய துறைமுகங்களுக்குப் போக வேண்டிய பயணம். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஆப்பிரிக்கக் கரையில் கடையோ வேலையோ உறவோ இருந்ததால் அங்கே திரும்பிக்கொண்டிருந்தவர்களும் அவர்களோடு சேரப் போன பெண்களும் குழந்தைகளுமாக நிறைந்த கப்பல். துணைக்குப் போர்க்கப்பல் எதுவும் வரவில்லை. திலாவா தனியாகத்தான் போனது.

நவம்பர் 23 அதிகாலை இருட்டில், செஷல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே சுமார் 930 மைல் தொலைவில், முதல் டார்பிடோ தாக்கியது. கப்பல் உடனே மூழ்கவில்லை. நடந்தவற்றில் நான் மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். பதற்றத்தில் உயிர்காப்புப் படகுகளை நோக்கி எல்லோரும் முண்டியடித்திருக்கிறார்கள், படகுகளை ஒழுங்காக இறக்க முடியவில்லை, இருட்டில் கடலில் விழுந்தவர்கள் பலர். ஆனால் சற்று நேரம் கழித்தும் கப்பல் மிதந்துகொண்டே இருந்ததால், படகில் இறங்கியவர்களில் சிலர் கப்பலுக்கே திரும்பத் தொடங்கினார்கள். அவர்கள் நினைத்தது தவறில்லை. நடுக்கடலில் திறந்த படகைவிட, ஓட்டை விழுந்த கப்பலேயானாலும் அதுதான் பத்திரம் என்று எந்த மாலுமியும் சொல்வான். முதல் தாக்குதல் நடந்து அரை மணி நேரம் அளவில், அவர்கள் திரும்பி ஏறிக்கொண்டிருந்தபோது, இரண்டாவது டார்பிடோ வந்தது. அதன் பிறகு கப்பல் விரைவாக மூழ்கிவிட்டது. முதன்மை வானொலி அதிகாரி கடைசிவரை அபாயச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருந்து கப்பலோடு போனார்.

பிழைத்தவர்கள் படகுகளிலும் மிதவைகளிலும் இரண்டு நாள் கிடந்தார்கள். 25-ஆம் தேதி பிரிட்டிஷ் போர்க்கப்பல் பர்மிங்ஹாம் வந்து 674 பேரை ஏற்றிக்கொண்டு, 27-ஆம் தேதி பம்பாயில் கொண்டுவந்து இறக்கியது. கார்த்தேஜ் என்ற கப்பல் மேலும் நால்வரை மீட்டது. இறந்தவர்கள் 280 பேர். அவர்களில் 252 பேர் பயணிகள், 28 பேர் ஊழியர்கள்.

இனி எம்டன். உங்கள் கடிதத்தில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. எம்டன் நீர்மூழ்கி அல்ல, கடலின் மேற்பரப்பில் ஓடும் போர்க்கப்பல்தான். 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. எப்போது எங்கே தோன்றும் என்று யாருக்கும் தெரியாததால் மக்கள் மனத்தில் அது நீருக்கடியில் போகும் கலமாகவே ஆகிவிட்டது போலும். “அவன் பெரிய எம்டன்” என்று நம் பாட்டிமார்கள் சொன்னதில் அந்த அச்சமும் கொஞ்சம் மெச்சுதலும் கலந்திருக்கும். மெச்சுதலுக்குக் காரணம் இருந்தது. அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் வணிகக் கப்பல்களைப் பிடிக்கும்போது, முதலில் அதிலிருப்பவர்களை இறக்கிக்கொண்டு, பிறகுதான் கப்பலை மூழ்கடிப்பார். அப்படிச் சேர்ந்தவர்களை, பிடிபட்ட கப்பல்களில் ஒன்றிலேயே ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பிவிடுவார். அது அவருடைய தனிப்பட்ட பெருந்தன்மை மட்டுமல்ல, அன்றைய கடற்போர் விதியும் அதுதான். வணிகக் கப்பலை நிறுத்தி, சோதித்து, ஆட்களைப் பத்திரமான இடத்தில் சேர்த்த பின்பே அதை அழிக்கலாம்.

நீர்மூழ்கி வந்தபோது இந்த விதி நடைமுறையில் தள்ளாடத் தொடங்கியது. ஐ-29 போன்ற ஒரு கலத்தின் நீளம் நூறு மீட்டருக்கும் சற்று அதிகம், அதற்குள் நூறு பேர் அளவிலான மாலுமிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். பிடிபட்டவர்களை ஏற்ற இடம் கிடையாது. அது மேலே வந்து மிதந்தால் வணிகக் கப்பலில் இருக்கும் ஒற்றைப் பீரங்கிகூட அதைத் துளைத்துவிடும், அந்தக் கப்பலின் வானொலி, ‘நீர்மூழ்கி தாக்குகிறது’ என்று பொருள்படும் ‘எஸ்.எஸ்.எஸ்.’ என்ற குறியை ஒரு நிமிடத்தில் பல நூறு மைல் தொலைவுக்குச் சொல்லிவிடும். மறைந்திருப்பது ஒன்றே அதன் பலம். மறைவை விட்டு வெளியே வந்தால்தான் விதியைக் கடைப்பிடிக்க முடியும். இந்தச் சிக்கல் தெரிந்தே, 1930-இல் லண்டனில் கூடிய நாடுகள், நீர்மூழ்கிக்கும் பழைய விதியே பொருந்தும் என்று எழுதிக் கையெழுத்திட்டன. 1936-இல் அதைத் தனி உடன்படிக்கையாக மீண்டும் உறுதிசெய்தன. கரையோ வேறொரு கப்பலோ அருகில் இருந்து, கடலும் அமைதியாக இருந்தாலொழிய, உயிர்காப்புப் படகைப் பாதுகாப்பான இடமாகக் கருத முடியாது என்றுகூட அதில் தெளிவாக இருக்கிறது. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் எல்லாமே அதை ஏற்றவை. ஜெர்மனியும் பின்னர் சேர்ந்துகொண்டது.

போர் வந்ததும் ஒருவரும் அதை மதிக்கவில்லை. 1945-46 நியூரம்பெர்க் விசாரணையில் ஜெர்மானிய நீர்மூழ்கிப் படையின் தளபதி டோனிட்ஸ் மீது இந்த உடன்படிக்கையை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டது. மீறியதாகவே நீதிமன்றமும் கண்டது. ஆனால் டென்மார்க்குக்கும் நார்வேக்கும் இடையிலுள்ள ஸ்காகெராக் நீரிணையில் கண்ட கப்பலையெல்லாம் மூழ்கடிக்க பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் 1940 மே மாதமே உத்தரவிட்டிருந்தது. பசிபிக் கடலில் போர் தொடங்கிய முதல் நாளிலிருந்தே அமெரிக்க நீர்மூழ்கிகள் அதையே செய்தன என்று அமெரிக்கப் பசிபிக் கடற்படையின் தளபதி அட்மிரல் நிமிட்ஸ் விசாரணைக்கு எழுத்து மூலம் பதிலளித்திருந்தார். இவற்றைக் கருத்தில் கொண்டு, இந்த மீறலை வைத்து டோனிட்ஸுக்குத் தண்டனை அளவிடப்படவில்லை என்று நீதிபதிகள் எழுதிவைத்தார்கள். வென்றவரும் தோற்றவரும் ஒரே காரியத்தைச் செய்திருந்ததால் குற்றம் குற்றமாகவே இருந்து, தண்டனை மட்டும் காணாமல் போயிற்று.

ஆகவே ‘போர்க்குற்றம் ஆகாதா’ என்ற உங்கள் கேள்விக்கு நேரான பதில், எழுதப்பட்ட விதியின்படி அது மீறல் என்பதே. நிற்கச் சொல்லி எச்சரிக்கவில்லை, பயணிகளை இறக்க அவகாசம் தரவில்லை. ஆனால் திலாவாவில் பீரங்கியும் அதை இயக்க ஆட்களும் இருந்தார்கள். ஆயுதம் ஏந்திய வணிகக் கப்பலுக்கு அந்த விதியின் பாதுகாப்பு உண்டா என்பதில் சட்ட அறிஞர்கள் அன்றும் ஒருமித்திருக்கவில்லை. அதனால் ஒரு வழக்கறிஞரின் வாயிலிருந்து ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு வாங்க முடியாது. இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1944-இல் ஐ-8 என்ற வேறொரு ஜப்பானிய நீர்மூழ்கி, மெல்பர்னிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ஜிசலாக் என்ற டச்சுக் கப்பலை மூழ்கடித்த பின், பிழைத்தவர்களைத் தன் மேல்தளத்தில் ஏற்றி வரிசையாகக் கொன்றது. அதற்கு எந்த விதியின் மறைவும் கிடையாது, அது அப்பட்டமான கொலை. திலாவாவில் நடந்ததை அதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது.

உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அவர் வாதத்தில் பாதி சரி. பிரிட்டிஷ் கொடி, பீரங்கி, ஆறாயிரம் டன்னுக்கு மேற்பட்ட சரக்கு, அதில் அறுபது டன் வெள்ளி என்று கணக்குப் பார்த்தால், எதிரியின் கண்ணில் அது இலக்குதான். ஆனால் பம்பாயிலிருந்து மொம்பாசாவுக்குப் போக வேண்டிய ஒரு குடும்பம் 1942-இல் வேறு எந்தக் கொடியின் கீழ்ப் போயிருக்க முடியும்? கொடி அவர்கள் தேர்ந்தெடுத்தது அல்ல. பேரரசின் குடிமக்களாக இருந்ததற்காக அவர்கள் சாகலாம் என்றால், அதே கம்பெனியின் கப்பலில் அதே கொடியின் கீழ்ப் போன உங்கள் தாத்தாவுக்கும் அந்த நியாயம் பொருந்த வேண்டும். நண்பரிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

நீர்மூழ்கியின் கணக்கில் ஆள் எண்ணிக்கை வருவதே இல்லை என்பதை வேறொரு நிகழ்ச்சியில் இன்னும் துலக்கமாகக் காணலாம். இம்முறை மூழ்கடித்தவர்கள் ஜப்பானியர் அல்லர். 1944 செப்டம்பர் 18 அன்று, திருகோணமலையைத் தளமாகக் கொண்டு இயங்கிய டிரேட்விண்ட் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி, சுமாத்ராவின் மேற்குக் கரையோரம் ஜுன்யோ மாரு என்ற ஜப்பானியச் சரக்குக் கப்பலைத் தாக்கியது. அந்தக் கப்பலில் இருந்தவர்கள் நேச நாடுகளின் போர்க்கைதிகளும், சுமாத்ராவில் ரயில்பாதை போடுவதற்காகப் பிடித்துப்போகப்பட்ட ஆயிரக்கணக்கான ஜாவாத் தொழிலாளர்களும். 5,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கப்பலுக்குள் யார் இருக்கிறார்கள் என்று அறிந்துகொள்ள டிரேட்விண்டின் தலைவருக்கு வழி இல்லை. பெரிஸ்கோப்பில் தெரிவது கப்பலின் வடிவம், அதன் வேகம், அது போகும் திசை. அதை வைத்து டன் கணக்கை மதிப்பிட்டுக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். பர்மா ரயில்பாதையில் மாண்டவர்களைப் பற்றிய குறிப்புகளை நீங்கள் வாசிப்பதாக எழுதியிருந்ததால் இதைச் சொன்னேன். அந்த ஜாவாக்காரர்கள், நம்மவர்களைப் போலவே பிடித்துப்போகப்பட்டவர்கள்.

நேதாஜியின் பயணத்துக்கு வருவோம். காணொளி சொல்லாத ஒன்றும் இதில் இருக்கிறது. 1943 பிப்ரவரி தொடக்கத்தில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில், ஆபித் ஹஸன் என்ற தோழருடன் அவர் யு-180 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியில் ஏறினார். ஏறக்குறைய மூன்று மாதப் பயணம். அந்தப் பயணத்தின் நடுவே, ஏப்ரல் 18 அன்று, தென்னாப்பிரிக்கக் கடற்பகுதியில் யு-180 கார்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தது. அதிலிருந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். அப்போது நேதாஜி அந்த நீர்மூழ்கிக்குள்தான் இருந்தார். பத்து நாள் கழித்து, மடகாஸ்கருக்கு அப்பால் கொந்தளித்த கடலில், ஒரு ரப்பர் மிதவையில் அவரும் ஆபித் ஹஸனும் ஐ-29-க்கு மாறினார்கள். எதிர்த்திசையில் இரண்டு ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள் யு-180-க்குப் போனார்கள். மே மாதம் சுமாத்ராவின் வட முனையில் உள்ள சபாங்கில் நேதாஜி கரையேறினார். ஜூலையில் சிங்கப்பூரில் அவர் பேசக் கேட்ட கூட்டங்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் எத்தனை பேர் என்பது உங்கள் வீட்டுக் கதையாகவே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

திலாவா மூழ்கியது அவர் ஐ-29-இல் ஏறுவதற்கு ஐந்து மாதம் முன்பு, அதற்கு அவர் எந்த வகையிலும் பொறுப்பல்ல. கார்பிஸ் விஷயத்திலும் அவர் ஒரு பயணி, டார்பிடோவை விடச் சொல்லும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஆனால் இந்தியப் பெருங்கடலைத் தாண்ட அவருக்கு அன்று இருந்த ஒரே வாகனம், அந்தக் கடலில் வணிகக் கப்பல்களை மூழ்கடிப்பதையே வேலையாகக் கொண்ட கலம். அவர் அறிந்தே அதில் ஏறினார். அவரைப் பற்றிய நம் நூல்களும் மேடைப் பேச்சுகளும் நீர்மூழ்கிப் பயணத்தைச் சாகசமாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டதால், அந்தக் கலத்தின் அன்றாடத் தொழில் என்ன என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. நேதாஜி படத்துக்குப் போடும் மாலையைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. அது உங்கள் வீட்டு விஷயம்.

ஐ-29-இன் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1944-இல் பிரான்ஸின் லோரியான் துறைமுகம்வரை போய்த் திரும்பிய அது, ஜூலை 26 அன்று பிலிப்பைன்ஸுக்கு வடக்கே ஜப்பானை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, சாஃபிஷ் என்ற அமெரிக்க நீர்மூழ்கியின் டார்பிடோக்களால் மூழ்கியது. அதன் வழியைச் சொல்லும் சங்கேதச் செய்திகளை அமெரிக்கர்கள் முன்பே படித்துவிட்டிருந்தார்கள்.

கடைசியாக, காணொளியின் பெரும்பகுதியை விழுங்கிய அந்த வெள்ளி. நாணயம் அடிப்பதற்காகத் தென்னாப்பிரிக்க அரசு இந்திய அரசிடம் வாங்கிய வெள்ளி அது. 2017-இல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்திலிருந்து 2,364 கட்டிகளை மேலே கொண்டுவந்து இங்கிலாந்தில் இறக்கி, மீட்புக்கூலி கேட்டு வழக்குத் தொடுத்தது. வழக்கு ஒரு கேள்வியில் வந்து நின்றது: 1942-இல் திலாவாவின் சரக்கறையில் கிடந்தபோது அந்த வெள்ளி வணிக நோக்கத்துக்கான ‘பயன்பாட்டில்’ இருந்ததா? இருந்தது என்றால், ஓர் அயல்நாட்டு அரசு என்ற முறையில் வழக்குக்கு உட்படாதிருக்கத் தென்னாப்பிரிக்காவுக்கு உள்ள சட்டக் காப்பு அந்த வெள்ளிக்கு இல்லை. வாடகைக்குச் சரக்கு ஏற்றும் கப்பலில் போனதால் இருந்ததுதான் என்று கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் சொல்லின. சரக்கறையில் சும்மா கிடக்கும் பொருள் எதற்கும் பயன்படவில்லை, போய்ச் சேர்ந்த பிறகுதான் அதன் பயன் தொடங்கும் என்று 2024 மே மாதம் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அவற்றை மாற்றிவிட்டது. சட்ட நுணுக்கத்தில் ஆர்வம் இருந்தால் அந்தத் தீர்ப்பு சுவையான வாசிப்பு, நானும் ஆர்வத்தோடுதான் வாசித்தேன். வாசித்து முடித்த பிறகு, 1942 நவம்பர் 23 அன்று சரக்கறைக்கு மேலே இருந்த தளங்களில் என்ன நடந்தது என்று எழுதியவர்கள் யார் என்று தேடினேன். பெரும்பாலும் குடும்பத்தார்தான். தாயையோ பாட்டனையோ அந்தக் கப்பலில் இழந்தவர்களும் பிழைத்தவர்களின் பிள்ளைகளும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து, எண்பதாம் ஆண்டு நிறைவான 2022 நவம்பர் 23 அன்று மும்பையில் கூடினார்கள்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த நவம்பர் மாத வேட்டைக்கு ஐ-29 புறப்பட்டது பினாங்கிலிருந்துதான். ஜப்பானியர் அங்கே நீர்மூழ்கித் தளம் ஒன்றை நடத்திவந்தார்கள். உங்கள் தாத்தா அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். நீர்மூழ்கிகளுக்கு அரிசியும் காய்கறியும் எண்ணெயும் ஏற்றிய கூலிகள் யார், எந்த நேரத்தில் ஏற்றினார்கள், என்ன கூலி தந்தார்கள், வேலைக்கு வர மறுக்க முடிந்ததா என்பதையெல்லாம் பற்றி அவர் எப்போதாவது ஏதாவது சொல்லியிருந்தால், எவ்வளவு சிறிய செய்தியாக இருந்தாலும், உங்கள் வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். கடிதமோ கூலிச் சீட்டோ இருந்தால் படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.

அன்புடன்.